ஒன்றுக்குப் பத்து: நீர்த்தல் கணக்கும் அது பிசகும் இடங்களும்

பிளஸ் டூ வேதியியல் செய்முறை நோட்டில் தரம்பார்த்தல் என்றாலே ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: வி₁என்₁ = வி₂என்₂. பியூரெட்டில் பெர்மாங்கனேட், பிப்பெட்டில் மோர் உப்பு, கடைசியில் இந்தச் சமன்பாடு. செறிவான கரைசலிலிருந்து நீர்த்த கரைசல் தயாரிப்பதற்கும் இதே வரிதான். எடுத்துக்கொண்ட கரைசலின் செறிவையும் கன அளவையும் பெருக்கினால் என்ன வருகிறதோ, நீர் சேர்த்த பிறகான செறிவையும் கன அளவையும் பெருக்கினாலும் அதுவே வர வேண்டும். 10 மோலார் கரைசலில் 5 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் 0.5 மோலார். பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு.

அப்புறம் இதில் ஆராய என்ன இருக்கிறது? பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர் பாலைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை; படியைத்தான் கூட்டுகிறார். சமன்பாடு சொல்வதும் அவ்வளவே: நீர் சேர்ப்பதால் கரைபொருளின் அளவு மாறாது. ஆனால் இந்தச் செய்தி எந்நேரமும் உண்மை அல்ல. கரைபொருள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சிதையும், ஆவியாகும். உயிருள்ளதாக இருந்தால் செத்தும் போகும். இன்னொரு பக்கம், சமன்பாட்டில் நாம் போடும் எண்களே சரியாக இல்லாமல் இருக்கலாம். ஆய்வகத்தில் மூத்தவர்கள் சடங்குபோலச் சொல்லித்தரும் விதிகள் ஒவ்வொன்றும் இப்படி ஏதாவதொரு கசிவை அடைக்க வந்தவைதான். விதியை மட்டும் மனப்பாடம் செய்து கசிவைத் தெரிந்துகொள்ளாதவர், புதிய சூழலில் எந்த விதியை விடலாம், எதை விடக்கூடாது என்று தடுமாறுவார்.

முதல் கசிவு சீசாவின் லேபிளிலேயே இருக்கிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமில சீசாவில் மோலாரிட்டி பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. எடைச் சதவீதமும் அடர்த்தியும்தான் இருக்கும். 37 சதவீதம், அடர்த்தி 1.18 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரின் எடை 1180 கிராம். அதில் 37 சதவீதம் 436.6 கிராம், மூலக்கூறு எடை 36.46-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12 மோலார். ஒரு லிட்டர் 1 மோலார் அமிலம் தயாரிக்க 83.5 மி.லி. எடுக்க வேண்டும். அலமாரியில் அடுத்து நிற்கும் சீசா 35 சதவீதம், அடர்த்தி 1.17 என்றால் அதே 83.5 மி.லி. தருவது 0.94 மோலார்தான். மனப்பாடமாக எடுத்தவருக்கு ஆறு சதவீதம் குறைவு. அடிக்கடி திறந்து மூடிய சீசாவில் வாயு வெளியேறி இன்னும் குறைந்திருக்கும். அதனால்தான் இந்த அமிலத்தை நீர்த்த பிறகு சோடியம் கார்பனேட் கொண்டு தரப்படுத்தி உண்மைச் செறிவைக் கண்டுபிடிக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் இதே கதி. தரப்படுத்தப் போகிற கரைசலுக்கு 83.5 மி.லி.யை நுட்பமான பிப்பெட்டில் எடுப்பது வீண் வேலை. அளவுச் சாடியே போதும். இதைச் சொல்லித்தராத ஆய்வகங்கள் ஏராளம்.

கொரோனா காலத்தில் ஊரே இந்தக் கணக்கைப் போட்டது. பரப்புகளைத் துடைக்க 0.1 சதவீதம், ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 5 சதவீதக் கரைசலில் 20 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் ஆக்கினால் முதலாவது, 100 மி.லி. எடுத்தால் இரண்டாவது. கணக்கு சரி, ஆனால் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த கேனில் 5 சதவீதம் மிச்சமிருந்ததா என்பது வேறு கேள்வி. ஹைப்போகுளோரைட் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் தானாகவே சிதையும் பொருள்.

இரண்டாவது கசிவு எழுதும் முறையில். ஒரு கரைசலை 1:10 நீர்க்கச் செய் என்றால் என்ன பொருள்? ஒரு பங்கு கரைசலோடு ஒன்பது பங்கு நீர் சேர்த்து மொத்தம் பத்து ஆக்குவதா, பத்துப் பங்கு நீர் சேர்த்துப் பதினொன்று ஆக்குவதா? உயிரியல் ஆய்வகங்களில் பெரும்பாலும் முதல் பொருள். விகிதம் என்று பள்ளிக் கணிதத்தில் படித்தவருக்கு இரண்டாவதுதான் தோன்றும். ஒருமுறை நீர்த்தால் பத்துக்கும் பதினொன்றுக்கும் உள்ள வித்தியாசம்தானே என்று விட்டுவிடலாம். ஆறு முறை அடுத்தடுத்து நீர்த்தால்? பத்து லட்சம் மடங்கு நீர்த்ததாக எண்ணிக்கொண்டிருப்பவர் உண்மையில் 17.7 லட்சம் மடங்கு நீர்த்திருப்பார். தட்டில் எண்ணிய பாக்டீரியாக் கூட்டங்களைப் பத்து லட்சத்தால் பெருக்கி அறிக்கை எழுதினால், அவர் சொல்லும் தொகை உண்மையில் 56 சதவீதம்தான். எந்தக் கருவியும் பழுதில்லை, எந்தக் கையும் நடுங்கவில்லை. குறியீடு ஒன்றைப் படித்த விதத்தில் பாதிக்குப் பாதி போய்விட்டது. 1 + 9 என்று எழுதினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. பத்து மடங்கு என்று எழுதினாலும் சரி. இரண்டும் புழக்கத்தில் இருக்க, 1:10 என்பதை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வழக்கம் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

மருந்தில் இது உயிர்ப்பிரச்சினை. அட்ரினலின் ஊசிமருந்தை 1:1000 என்றும் 1:10,000 என்றும் நீண்ட காலம் எழுதிவந்தார்கள். முதலாவதில் ஒரு மி.லி.க்கு 1 மி.கி., இரண்டாவதில் 0.1 மி.கி. அவசரத்தில் ஒரு சுழியம் கண்ணில் படாவிட்டால் பத்து மடங்கு மருந்து ஏறிவிடும். அமெரிக்காவில் 2016 முதல் இத்தகைய மருந்துகளின் லேபிளில் விகிதக் குறியீட்டை நீக்கி, ஒரு மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று எழுதச் செய்துவிட்டார்கள்.

நம் ஊரில் விகிதக் குறியீடு அதிகம் கண்ணில் படுவது வைடால் ரிப்போர்ட்டில். நான்கு நாள் காய்ச்சல் என்று போனால் எழுதித்தரும் டைபாய்டு சோதனை. ஃபெர்னாண்ட் வைடால் 1896-இல் அறிமுகப்படுத்தியது. நோயாளியின் ரத்தச் சீரத்தை உப்பு நீரில் ஒவ்வொரு குழாயிலும் பாதிப் பாதியாக நீர்த்து, டைபாய்டு கிருமியிலிருந்து எடுத்த ஆன்டிஜனைச் சேர்த்து, எந்த நீர்ப்பு வரை திரிதிரியாகச் சேர்கிறது என்று பார்ப்பார்கள். 1:20, 1:40, 1:80, 1:160, 1:320 என்று வரிசை. சம அளவு ஆன்டிஜன் சேர்த்தவுடன் சீரம் மறுபடி இரு மடங்கு நீர்த்துவிடுகிறது. அறிக்கையில் எழுதுவது ஆன்டிஜன் சேர்க்கும் முன்பா, பின்பா என்பதை ஆய்வகம் தெளிவாக வைத்துக்கொள்ளாவிட்டால், ஒரே ரத்தத்துக்கு ஓரிடத்தில் 80-ம் மற்றோரிடத்தில் 160-ம் வரும்.

சிறு ஆய்வகங்களில் குழாய்க்குப் பதில் கண்ணாடிச் சில்லில் செய்யும் விரைவுச் சோதனை இன்னும் வேடிக்கை. 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர் சீரத்தை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஆன்டிஜன் விடுவார்கள். அவற்றை 1:20-இலிருந்து 1:320 வரை படிப்பார்கள். ஒரு சொட்டு என்பது சுமார் 50 மைக்ரோலிட்டர். 80 மைக்ரோலிட்டர் சீரத்தில் 50 மைக்ரோலிட்டர் சேர்த்தால் அது இருபது மடங்கு நீர்ப்பு ஆகாது; இரண்டு மடங்குகூட ஆகாது. இங்கே 1:20 என்பது குழாய்ச் சோதனையில் எந்த நீர்ப்புக்கு ஈடான முடிவு கிடைக்குமோ அதன் பெயர் மட்டுமே; உண்மை நீர்ப்பு அல்ல. இரட்டிப்பாக நீர்க்கும் எந்தச் சோதனையிலும் ஒரு குழாய் முன்னே பின்னே போவது இயல்பு. அதனால்தான் ஒரே ஒரு ரிப்போர்ட்டின் எண்ணை வைத்து முடிவு கட்டாமல், நாள் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு ரத்தங்களில் நான்கு மடங்கு, அதாவது இரண்டு குழாய், உயர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். நடைமுறையில் இரண்டாம் ரத்தம் எடுப்பது அரிது.

கன அளவுக்கு வருவோம். சமன்பாட்டில் இருப்பது இறுதிக் கன அளவு. சேர்க்கும் நீரின் அளவு அல்ல. 50 மி.லி. எத்தனாலும் 50 மி.லி. நீரும் சேர்த்தால் 100 மி.லி. வராது, ஏறத்தாழ 96, 97 மி.லி.தான் வரும். நீரும் எத்தனாலும் ஹைட்ரஜன் பிணைப்பால் நெருங்கி அடங்கிக்கொள்கின்றன. தனிம வரிசை அட்டவணையால் பெயர்பெற்ற மெண்டலீவ் 1865-இல் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு ஆல்கஹாலும் நீரும் கலப்பதைப் பற்றியதுதான். வோட்காவுக்கு 40 சதவீதத்தை வகுத்துக் கொடுத்தவர் அவர்தான் என்பது மட்டும் கட்டுக்கதை. ஆகவே இவ்வளவு நீரைச் சேர் என்று ஒருபோதும் சொல்லாமல், நீர் சேர்த்து இவ்வளவு அளவுக்கு உயர்த்து என்று சொல்வதே முறை. கல்லூரிகளில் எஸ்.எம்.எஃப். என்றழைக்கும் திட்டக் குடுவையின் ஒல்லிக் கழுத்தில் ஒற்றைக் கோடு மட்டும் இருப்பது இதற்காகத்தான்.

தாவரவியல், விலங்கியல் ஆய்வகங்களில் இதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. 95 சதவீத ஸ்பிரிட்டிலிருந்து 70 சதவீதம் வேண்டுமா? 70 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து 95 மி.லி. ஆக்கு. வேண்டிய சதவீதம் எத்தனையோ அத்தனை மி.லி., இருக்கிற சதவீதம் எத்தனையோ அதுவரை உயர்த்து. சமன்பாடே தேவையில்லை, ஆனால் சமன்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது.

கந்தக அமிலத்தில் கன அளவோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 98 சதவீத அமிலம், அடர்த்தி 1.84, சுமார் 18.4 மோலார். ஒரு லிட்டர் 1 மோலாருக்கு 54 மி.லி. போதும். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மெதுவாக, கலக்கிக்கொண்டே. அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால் எடை குறைந்த நீர் மேலே நின்று, அந்த இடத்திலேயே கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். இந்த எச்சரிக்கை எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்த படியைத்தான் மறந்துவிடுகிறார்கள்: சூடாக இருக்கும்போதே கோடு வரை உயர்த்தினால், ஆறியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

வெப்பநிலை என்பது எல்லாக் கரைசலுக்கும் பொதுவான விஷயம். உயர்தரக் குடுவைகளில் ஒரு வெப்பநிலை பொறித்திருக்கும், பொதுவாக 20 °செ. வெப்ப நாடுகள் 27 °செ.-ஐ வைத்துக்கொள்ளலாம் என்று பன்னாட்டுத் தரம் அனுமதிக்கிறது. இந்தியத் தரம் அதைத்தான் பின்பற்றியது. நம் ஆய்வக அலமாரியில் இரண்டு வகையும் கலந்து நிற்பதுண்டு. நீர் 20-இலிருந்து 30 டிகிரிக்குப் போகும்போது லிட்டருக்குச் சுமார் இரண்டரை மி.லி. விரிகிறது. ஏ வகுப்பு ஒரு லிட்டர் குடுவைக்கு அனுமதித்த பிழையோ வெறும் 0.4 மி.லி. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய குடுவையின் துல்லியத்தை மின்விசிறி மட்டும் ஓடும் அறை ஒரு மதியத்தில் ஆறு மடங்கு விழுங்கிவிடுகிறது.

ஆனால் நீர்த்தலில் ஒரு வசதி இருக்கிறது. நீர்த்தல் என்பது விகிதம். ஸ்டாக் கரைசலும் நீரும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் விரிவு இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும். பிரச்சினை வருவது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்டாக்கை அப்படியே பிப்பெட்டில் உறிஞ்சும்போது. 4 டிகிரியில் சுருங்கிக் கிடக்கும் நீர்க்கரைசல், 30 டிகிரி அறையில் எடுப்பதைவிட 0.4 சதவீதம் அதிகப் பொருளைத் தரும். அரை மணி நேரம் மேசைமேல் வைத்திருந்தால் தீர்கிற விஷயம்.

எத்தனை படிகளில் நீர்ப்பது என்பது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்வி. ஈயத்தின் அளவைக் காண 1000 மி.கி./லிட்டர் திட்டக் கரைசலிலிருந்து 10 மைக்ரோகிராம்/லிட்டர் வேண்டும். ஒரு லட்சம் மடங்கு. ஒரே படியில் செய்வதானால் 10 மைக்ரோலிட்டரை ஒரு லிட்டரில் விட வேண்டும். 10 மைக்ரோலிட்டருக்கு மைக்ரோபிப்பெட்டின் அனுமதித்த பிழை ஐ.எஸ்.ஓ. 8655 தரப்படி 1.2 சதவீதம், 1 மைக்ரோலிட்டருக்கு 5 சதவீதம். 1 மி.லி. கண்ணாடிப் பிப்பெட்டைக் கொண்டு இரண்டு படிகளில் செய்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.8 சதவீதம். 10 மி.லி. பிப்பெட்டும் 100 மி.லி. குடுவையும் கொண்டு ஐந்து படிகளில் செய்தால் ஒவ்வொன்றிலும் 0.2 சதவீதத்தை ஒட்டி. தற்செயல் பிழைகள் நேராகக் கூடுவதில்லை. ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்து, படிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். ஆகவே ஐந்து படிகள் சேர்ந்தும் அரை சதவீதத்தில் நிற்கும். இரண்டு படிகளோ 1.1 சதவீதம். ஆனால் பிப்பெட் எப்போதும் ஒரே பக்கம் பிசகுவதாக இருந்தால், பிழை ஒவ்வொரு படியிலும் அப்படியே ஏறிக்கொண்டு போகும். தவிர, ஐந்து குடுவை என்றால் மாசு புக ஐந்து வாசல். ஈயம் போன்றவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று படிகளில் நிறுத்துவதே என் கணிப்பில் புத்திசாலித்தனம்.

கருவியைப் பற்றி இன்னும் கொஞ்சம். பிப்பெட், பியூரெட் என்ற பெயர்களை 1824-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் கே-லுசாக். அதற்குப் பிறகு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் அமிலத்தையும் கிருமியையும் வாயால் உறிஞ்சியே அளந்தார்கள். ஜெர்மனியின் மார்புர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் 1957-இல் உந்துதண்டு வைத்த மைக்ரோபிப்பெட்டை உருவாக்கினார். 1961-இல் எப்பென்டார்ஃப் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடிப் பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக்கூடாது. அதைக் கழித்தே அளவு பொறித்திருக்கிறார்கள். மைக்ரோபிப்பெட்டில் முனையை முதலில் கரைசலில் ஒருமுறை நனைத்துவிட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முனையை மாற்ற வேண்டும், இல்லையேல் முந்தைய குழாயின் செறிவு சுவரில் ஒட்டி அடுத்ததற்குப் போகும். இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை, கலக்காமல் விடுவது. கோடு வரை உயர்த்திய குடுவையில் கடைசியாகச் சேர்த்த நீர் கழுத்தில் தனியாக நிற்கிறது. மூடியைப் பிடித்துப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்தாலொழிய அது இறங்காது.

இனி, கரைபொருளே மாறும் இடங்கள். மிக நீர்த்த உலோகக் கரைசலைக் கண்ணாடியில் வைத்தால் அயனிகள் சுவரில் படிந்து செறிவு நாளுக்கு நாள் குறையும். ஒரு லிட்டரில் ஒரு கிராம் இருந்தபோது இந்த இழப்பு கணக்கிலேயே வராது. சில மைக்ரோகிராம் மட்டும் இருக்கும்போது அதுவே பெரும்பகுதி. அதனால் பிளாஸ்டிக் குடுவை, 1 சதவீத நைட்ரிக் அமிலம், அன்றன்றைக்குத் தயாரிப்பு. புரதங்களுக்கு பிளாஸ்டிக்கும் நம்பகமல்ல. கொஞ்சம் ஆல்புமின் சேர்த்துச் சுவரை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறார்கள். பாக்டீரியாவை வாலைவடிநீரில் நீர்த்தால் சவ்வூடுபரவலில் ஒரு பகுதி அழியும்; அதற்காக 0.85 சதவீத உப்புநீர் அல்லது 0.1 சதவீத பெப்டோன் நீர்.

வலுக்குறைந்த அமிலத்தில் வேறொரு நுட்பம். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பி.எச். 2.9. அதை நூறு மடங்கு நீர்த்தால் 4.9 ஆக வேண்டும் என்று சமன்பாடு நினைக்கும், வருவதோ 3.9. நீர்க்க நீர்க்க அமிலம் அதிகமாகப் பிரிகிறது, 1.3 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு மேல். ஆஸ்ட்வால்டு 1888-இல் சொன்ன நீர்த்தல் விதி இதுதான். மொத்த அசிட்டேட் மாறவில்லை, ஹைட்ரஜன் அயனி மாறிவிட்டது. எது மாறாமல் இருக்கிறது என்று தெரிந்தே சமன்பாட்டைப் போட வேண்டும். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன என்று நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் கேட்பார்கள். 8 என்று எழுதினால் அமிலம் காரமாகிவிட்டதாக ஆகும். நீரின் சொந்த அயனிகளையும் சேர்த்தால் 6.98.

சில சோதனைகளில் விடை தெரிந்தால்தான் எத்தனை மடங்கு நீர்ப்பது என்றே தெரியும். கழிவுநீரின் உயிரிய ஆக்சிஜன் தேவையை அளக்கும் பி.ஓ.டி. அப்படிப்பட்டது. பல நாடுகளில் 20 டிகிரியில் 5 நாள். இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள். 27 டிகிரியில் நீர் தாங்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மி.கி.யை ஒட்டித்தான். சாக்கடை நீருக்கு 200 மி.கி. தேவைப்பட்டால், நீர்க்காமல் வைத்த சீசாவில் ஆக்சிஜன் முதல் நாளே தீர்ந்துபோகும். 300 மி.லி. சீசாவில் 6 மி.லி. கழிவுநீர் விட்டு, மற்றதை உப்புச்சத்துகள் சேர்த்த நீரால் நிரப்பினால் ஐம்பது மடங்கு. ஆக்சிஜன் 4 மி.கி. குறைந்தால் விடை 200. கடைசியில் 1 மி.கி.யாவது மிஞ்ச வேண்டும், 2 மி.கி.யாவது குறைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே மூன்று நான்கு நீர்ப்புகளைச் சேர்த்தே வைத்து, விதிக்குள் வருவதை எடுத்துக்கொள்கிறார்கள்.

நீர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் செறிவு என்ற கருத்தே செல்லாமல் போகும். ஜோசப் லிஸ்டர் 1878-இல் புளித்த பாலை, ஒரு துளியில் சராசரியாக ஒரு பாக்டீரியாகூட இல்லாத அளவுக்கு நீர்த்து, கொதிக்கவைத்த பால் நிறைந்த கண்ணாடிக் குவளைகளில் விட்டார். சில குவளைகள் தயிராயின, மற்றவை அப்படியே நின்றன. தயிரானதில் வளர்ந்தது ஒற்றை உயிரின் வம்சம் என்று அவரால் சொல்ல முடிந்தது. சராசரியாக ஒன்று இருக்கும் குழாய்களில் 37 சதவீதம் காலியாக இருக்கும் என்கிறது நிகழ்தகவு. காலிக் குழாய்களை எண்ணினால் சராசரியைப் பின்னோக்கிக் கண்டுபிடித்துவிடலாம். 1915-இல் மெக்கிரேடி இந்த யோசனையைக் குடிநீர்ச் சோதனைக்குக் கொண்டுவந்தார். இன்றும் குடிநீரில் கோலிஃபார்ம் பார்க்க 10, 1, 0.1 மி.லி. என மூன்று அளவுகளில் ஐந்தைந்து குழாய்கள் வைக்கும் முறை நடக்கிறது. ஐந்து, இரண்டு, பூஜ்யம் என்று குழாய்கள் மாறினால் அட்டவணை தரும் விடை 100 மி.லி.க்கு சுமார் 50. உண்மை ஏறத்தாழ 20-க்கும் 150-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். பதினைந்து குழாய்களிலிருந்து அதற்கு மேல் கறக்க முடியாது.

குழாய்களைக் கூட்டினால் துல்லியமும் கூடும். டிஜிட்டல் பி.சி.ஆர். கருவி மாதிரியை எண்ணெயில் சுமார் 20,000 நுண்துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியிலும் டி.என்.ஏ. இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. திட்டக் கரைசலோடு ஒப்பிட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. ஒளிராத துளிகளின் விகிதமும் ஒரு துளியின் கன அளவும் இருந்தால் போதும்.